துண்டுக்குள் பேசிய விலை



"துண்டுக்குள்ள கைய விட்டு விரலப் புடிச்சான்னா விலை முடிஞ்சுது" என்று எங்க அப்பா பழைய சந்தைக் கதை சொல்லுவார். விலை தரகருக்கும் வியாபாரிக்கும் மட்டும்தான் தெரியும். நிலக்கடலையைக் கொண்டுபோன விவசாயி பக்கத்திலேயே நிற்பார். கொடுத்ததை வாங்கிக்கொண்டு வரணும். எடைக்கல்லும் மண்டிக்காரருடையதுதான்!

இந்த நிலைமையைப் பார்த்த அரச வேளாண்மைக் கமிஷன் 1928-இல் ஒழுங்குமுறைச் சந்தைகள் வேண்டும் என்றது. 1933-இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் வந்தது. அப்போது தருமபுரி, சேலம் மாவட்டத்தில் ஒரு தாலுகா. சரியான எடை, வெளிப்படையான ஏலம், அளவான தரகு என்பதே சட்டத்தின் சாரம். இன்று நம்ம ஊர் அரசு பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் எல்லார் கண் முன்னாலேயும் நடக்கிறது.

பெரிய தொழில்களுக்கு 1969-இல் ஏகபோகத் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்தது 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம். பெரிசா இருப்பது குற்றமில்லை, அந்தப் பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவதே குற்றம் என்பது இதன் கொள்கை.

இப்போது சந்தையே கைப்பேசிக்குள் வந்துவிட்டது. துண்டுக்குள் மறைந்திருப்பது விலை அல்ல, வரிசை. தேடினால் யார் பெயர் முதலில் வரும்? இதைக் கேட்டவர்களில் ஒருவர் நம்ம சென்னை மேட்ரிமோனி டாட் காம் நிறுவனத்தார். 2012-இல் கூகுள் மீது இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் செய்தார்கள். விளம்பரம் பற்றிய அவர்கள் புகாரை ஆணையம் ஏற்கவில்லை. ஆனால் தேடல் முடிவுகளில் கூகுள் தன் விமானப் பயணச் சேவையை முன்னால் வைத்தது தவறு என்று 2018 பிப்ரவரியில் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு வழக்கில் அபராதம் 1,337.76 கோடி!

தொகை பெரிசுதான். ஆனால் முதல் வழக்குக்குத் தீர்ப்பு வர ஆறு வருஷம் ஆச்சு. சின்னக் கடைக்காரர் அதுவரை தாக்குப்பிடிப்பாரா? தவறு நடந்தபின் தண்டிக்காமல், விதியை முன்கூட்டியே சொல்லும் சட்டம் ஐரோப்பாவில் 2024 மார்ச்சில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் இந்தியாவிலும் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு வெளியானது. விதி அதிகமானால் புதுத் தொழில் முடங்கும் என்போரும் உண்டு. அந்த வாதத்தையும் கேட்கத்தான் வேண்டும்.

1933-இன் பாடம் ஒன்றுதான்: சந்தையை நடத்துகிறவர் கையில் துண்டு இருக்கக் கூடாது. நாளை செயலி எழுதப்போகும் தம்பி தங்கைகளே, இதை மறந்துடாதீங்க.