பர்மா பஜாரும் மூணு உருண்டைப் பின்னும்

சிங்கப்பூர்லேர்ந்து வந்த அயர்ன் பாக்ஸ் நம்ம வீட்டு ப்ளக் பாயிண்ட்ல நுழையாது. ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் பல வீட்டுல நடந்த கதைதான் இது. அங்க சதுரப் பின், இங்க உருண்டைப் பின். ரெண்டு ஊரையும் ஆண்டவன் ஒரே வெள்ளைக்காரன்தானே, அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

உருண்டைப் பின்னும் அவங்க கொடுத்ததுதான் மக்களே. 1934ல் பிரிட்டன் போட்ட பி.எஸ். 546 தரத்துல 2, 5, 15, 30 ஆம்பியர்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சைஸ். நம்ம சுவத்துல இருக்கிற சின்ன ப்ளக்கும் பெரிய ப்ளக்கும் அந்த 5, 15 ஆம்பியரோட வாரிசுங்க. இப்போ 6, 16ன்னு போட்டிருக்கும்.

ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் அங்க ஏகப்பட்ட வீடு கட்ட வேண்டியிருந்தது. செம்புக்கோ தட்டுப்பாடு. அதனால ஒயரை வளையமா ஓட்டி, ப்ளக்குக்குள்ளயே ஃப்யூஸ் வச்சு, 13 ஆம்பியர் சதுரப் பின்னை 1947ல் கொண்டு வந்தாங்க. அதே 1947லதான் நமக்குச் சுதந்திரம். பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸை நடத்திக்கிட்டிருந்த மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் அரசாங்கத்து கைக்கு வந்ததும் அந்த வருஷம்தான். சிங்கப்பூர், மலேசியா எல்லாம் பிற்பாடு சதுரத்துக்குப் போயிடுச்சு. வெள்ளைக்காரன் கழட்டிப் போட்ட சட்டையை நாம இன்னும் போட்டுக்கிட்டிருக்கோம் :-)

1969ல் துறைமுகத்துக்கு எதிர்ல, பர்மாவிலிருந்து திரும்பி வந்தவங்களுக்காக பர்மா பஜார் வந்தது. ஃபாரின் சாமான்னா அங்கதான். பின் மாறியிருந்தா அடாப்டர் போட்டுச் சமாளிச்சிடலாம். வோல்டேஜ் மாறியிருந்தாதான் ஆபத்து. நமக்கு 230, அமெரிக்காவுக்கு 120, ஜப்பானுக்கு 100. அடாப்டர் பின்னோட வடிவத்தைத்தான் மாத்தும், வோல்டேஜைத் தொடாது. 1000 வாட் அமெரிக்க ஹேர் டிரையரை இங்க சொருகினா கிட்டத்தட்ட 3700 வாட் இழுக்கப் பார்க்கும். கொஞ்ச நேரத்துல புகைதான். நம்ம 1000 வாட் கெட்டிலை அங்க போட்டா 270 வாட்தான். டீ குடிக்க ரொம்ப நேரம் காத்திருக்கணும். செல்போன் சார்ஜர்ல 100-240ன்னு எழுதியிருந்தா பயமில்ல, அடாப்டரே போதும்.

இதே சிக்கல் துறைமுகத்துல பெரிய அளவுல இருக்கு. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970லேர்ந்து 2017 வரைக்கும் கொடுத்தது 50 ஹெர்ட்ஸ் கரண்ட். ஊர் முழுக்க இன்னிக்கும் அதேதான். ஆனா கப்பல்கள்ல பெரும்பாலும் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இதை மாத்த கையடக்க அடாப்டர் எல்லாம் பத்தாது, பெரிய கன்வெர்ட்டர் வேணும். அப்படிக் கரையிலேர்ந்து கரண்ட் கிடைக்காத கப்பல், சரக்கு இறக்கி முடிக்கிற வரைக்கும் தன்னோட ஜெனரேட்டரைத்தான் ஓட்டணும். அந்தப் புகை யார் வீட்டு மொட்டை மாடிக்கு வரும்னு ராயபுரத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

ஊருக்குக் கிளம்புறவங்க பின்னை மட்டும் பார்க்காம, சாமானுக்குப் பின்னாடி எழுதியிருக்கிற வோல்டேஜையும் ஒரு தடவை படிச்சிடுங்க.