திருவிருந்துக் கிண்ணமும் மதுவிலக்கும்

திராட்சரசத்தைப் பற்றிய வினா திருச்சபைக்குப் புதியதன்று. கி.பி. 387இல் அந்தியோகியாவில் பிரசங்கித்த கிறிசோஸ்தம், பவுல் தீமோத்தேயுவுக்குக் கூறிய ஆலோசனையை (1 தீமோ. 5:23) விளக்குகையில், திராட்சரசம் தேவனுடைய ஈவு, வெறியோ பிசாசின் செயல் எனப் பிரித்துக் காட்டினார். மூன்றாம் நூற்றாண்டிலேயே கார்த்தேஜின் பேராயர் சிப்பிரியான், கிண்ணத்தில் தண்ணீரை மட்டும் வார்த்தவர்களைக் கண்டித்து எழுதியிருந்தார். அளவோடு அருந்துதல், வெறியை விலக்குதல் என்பதே நெடுங்காலம் பொதுப் போதனையாயிருந்தது. சீர்திருத்தக்காரரும் அதை மாற்றவில்லை. லூத்தரின் மனைவி கத்தரீனாள் தம் இல்லத்திலேயே பீர் தயாரித்தார்.

அங்ஙனமாயின் பூரண மதுவிலக்கு எவ்வாறு தோன்றிற்று? 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜின் என்னும் மலிவான சாராயம் ஏழைகளின் குடும்பங்களைச் சீரழித்தது. ஜான் வெஸ்லி 1743இல் வகுத்த பொது விதிகள், குடிவெறியோடு சாராயம் வாங்குதல், விற்றல், அருந்துதல் ஆகியவற்றையும் விலக்கின. மிக அவசியமான நிலைக்கு மட்டுமே விதிவிலக்கு இருந்தது. திராட்சரசத்தையும் பீரையும் அவ்விதி தடுக்கவில்லை. 1830ஆம் ஆண்டுச் சட்டத்தால் பீர்க் கடைகள் பெருகியபின், சாராயத்தை மட்டும் விலக்குதல் போதாது என்பது தெளிவாயிற்று. 1832இல் பிரஸ்டன் நகரில் ஜோசப் லிவ்சியும் வேறு அறுவரும் எவ்வகை மதுவையும் தொடுவதில்லையென உறுதிமொழியில் கையொப்பமிட்டனர்.

இவ்வுறுதிமொழி திருவிருந்து மேசையில் ஒரு புதிய இடர்ப்பாட்டை எழுப்பிற்று. பிழிந்த திராட்சைச் சாறு தானே புளித்துவிடும். அதைத் தடுக்கும் வழி எளிதில் அகப்படவில்லை. பாஸ்டரின் ஆய்வுகள் வழிகாட்ட, 1869இல் அமெரிக்காவின் வைன்லாந்து ஊரில், மெதடிஸ்டு சபையினரான பல் மருத்துவர் தாமஸ் வெல்ச், சாற்றைப் புட்டிகளில் அடைத்துச் சூடாக்கிப் புளிக்காமற் காத்தார். காலப்போக்கில் பல சபைகள் இதனை ஏற்றுக்கொண்டன.

வேதாகமத்தில் நன்மையாகப் பேசப்படும் ரசமெல்லாம் புளியாத சாறே என நிறுவவும் அந்நாளில் சிலர் முயன்றனர். கொரிந்து சபை இதற்குத் தடையாக நிற்கிறது. அங்குப் பந்தியில் ஒருவன் வெறித்திருந்தான் (1 கொரி. 11:21). பவுல் ரசத்தை அகற்றச் சொல்லவில்லை. பசித்த சகோதரனை எண்ணாத அன்பின்மையையே கடிந்துகொண்டார். ஆகவே மதுவிலக்கின் அடித்தளம் ரசத்தின் தன்மையன்று, சகோதரனின் நிலைமையே (ரோமர் 14:21).

குடியினின்று மீண்ட ஒருவர், கிண்ணம் தம்மிடம் வந்தபோது கைநடுங்கிப் பின்வாங்கியதை நமது ஊழியத்தில் கண்டதுண்டு. அந்நாள்வரை இவ்வினா நமக்கு நூலறிவாகவே இருந்தது. அவருக்கு நாம் கூறவேண்டிய விடையைக் கிறிசோஸ்தமின் பிரசங்கம் மட்டும் தந்துவிடாது. லிவ்சியின் உறுதிமொழியும் வேண்டும். ஆயினும் அருந்துவோரைப் பாவிகளென்று தீர்ப்பிடும் உரிமையை அவ்வுறுதிமொழி நமக்கு அளிக்கவில்லை. போதகர் மதுவை விலக்குவது நலம். அன்பினிமித்தம் விலக்குவது அதனினும் நலம்.