நண்டோட்டில் மாறிய மேலங்கி

சாட்டிக் கடற்கரையில நிண்டா முன்னுக்கு உப்புக்கடல். பின்னுக்கு நல்லதண்ணிக் கிணறுகள். தீவகத்தின்ர மற்ற ஊர்களுக்கும் இந்தப் பக்கத்துத் தண்ணி பவுசரில போறது எங்களுக்குத் தெரியும். நிலத்துக்குக் கீழே உப்புநீருக்கு மேலே மழைநீர் மிதந்து கிடக்கிறது. அதுதான் எங்கட குடிநீர். தண்ணியை நம்பி வாழும் சனத்துக்குக் கொலராவின் வரலாறு வேற்றூர்க் கதையில்லை. 1866இல் யாழ்ப்பாணத்தையே உலுக்கிய நோய் அது.

அந்த வரலாற்றில் 1992 ஒரு திருப்பம். அதுவரை கொள்ளைநோயாகப் பரவியது ஓ1 என்ற வகை மட்டுமே. அந்த வருசக் கடைசியில் சென்னையில் வாந்திபேதி வந்தவர்களிடம் கிடைத்த பற்றீரியா ஓ1 சோதனைக்குப் பிடிபடவில்லை. அறியப்பட்டிருந்த 138 வகைகளிலும் அது சேரவில்லை. ஓ139 என்று பெயர் வைத்தார்கள். பழைய கொலராவுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது விழுத்தியது. கல்கத்தா, வங்காளதேசம் என்று கடற்கரை நெடுகப் பரவியது.

புதுக் கிருமியா? பரம்பரையலகுகளை வாசித்தபோது, அது மேலங்கி மாற்றிய பழைய ஓ1 என்று தெரிந்தது. மேலங்கியைச் செய்யும் பரம்பரையலகுகள் நிறமூர்த்தத்தில் பக்கம் பக்கமாக, ஒரே குறிச்சியில் இருக்கின்றன. அந்தக் குறிச்சி முழுவதும் கழன்று, வேறொன்று வந்து குந்தியிருந்தது. 2000இல் ஓ1 கொலராவின் முழு ஜீனோமும் வெளியானது: இரண்டு நிறமூர்த்தங்கள், ஏறத்தாழ 40 இலட்சம் எழுத்துகள். நஞ்சைச் செய்யும் பரம்பரையலகுகூட ஒரு வைரசு கொண்டுவந்து சேர்த்தது என்று 1996இலேயே காட்டியிருந்தார்கள்.

ஏன் இப்படிக் கூட்டமாக இருக்கின்றன? சேர்ந்து வேலை செய்வதற்காக என்றது யாக்கோப், மொனோ 1961இல் விளக்கிய ஒப்பரோன். சேர்ந்து இடம்பெயர்வதற்காகவும்தான் என்றார்கள் லோறன்ஸும் றொத்தும், 1996இல். பிறகு ஜீனோம்கள் குவிந்தபோது, இடம்பெயராத அத்தியாவசியப் பரம்பரையலகுகளும் கூட்டமாகவே இருப்பது தெரிந்தது. ஒரு விளக்கம் மட்டும் போதவில்லை.

மேலங்கி எங்கே மாறியிருக்கும்? 2007இல் ஸ்ரான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஒரு வழியைக் காட்டினார்கள். நண்டோட்டில் இருக்கும் கைற்றினில் ஒட்டி வளரும்போது, கொலராப் பற்றீரியா செத்த பற்றீரியாவின் டீ.என்.ஏ.யை உள்ளே இழுக்கும். அப்படி ஓ1, ஒரே தாவலில் ஓ139 ஆனது. நாங்கள் கறி வைச்சுப்போட்டு எறியும் அதே மாதிரி ஓடுதான்!

இண்டைக்கு ஓ139 அரிதாகிவிட்டது. ஆனா கடலில் மேலங்கிகள் மாறிக்கொண்டுதான் இருக்கும். ஓ1க்கு மட்டும் செய்த தடுப்பூசி ஓ139ஐ மறிக்காது. குளோரினுக்கோ மேலங்கி வித்தியாசம் தெரியாது, இரண்டையும் கொல்லும். அதனாலதான் சொல்லுறம்: சாட்டிக் கிணத்துக் கட்டு உடையாமலும், பக்கத்தில மலக்குழி வராமலும் பார்க்கிறதும் இந்த வரலாற்றைப் படிக்கிறதில ஒரு பங்குதான்.