காட்டின் அடியில் நிலம்: மாயர் வாய்க்கால்களும் இராடார்ச் சான்றும்

நடு அமெரிக்காவின் தாழ்நிலக் காடுகளில் கி. பி. 250 முதல் 900 வரை செழித்திருந்த மாயா மக்கள் திக்கால் முதலிய பெருநகரங்களை எழுப்பினர். அத்துணை மக்கட்கும் உணவு எவ்வாறு கிடைத்தது என்பது வரலாற்றாசிரியரை நெடுநாள் வருத்திய வினாவாகும். காட்டை வெட்டிச் சுட்டு விதைத்து, சில ஆண்டுகளில் வேறிடம் பெயரும் வேளாண்மையே அவர்தம் தொழில் என முன்னையோர் கொண்டனர். பெருநகர் வாழ்வுக்கு இது போதாது என்னும் ஐயம் பின்னர் வலுப்பெற்றது.

இந்நிலையில் வானிலிருந்து ஒரு விடை கிடைத்தது. முகில் மூடிய வெள்ளிக் கோளை ஆராய்தற்கென நாசா நிறுவனத்தார் அமைத்த இராடார்க் கருவி, 1977 முதல் 1980 வரை குவாத்தமாலா, பெலீஸ் பகுதிகளின் மீது விமானத்திற் செலுத்தப்பட்டது. படங்களில் சதுப்பு நிலத்தின்மேல் வலை பின்னினாற்போன்ற கோடுகள் தோன்றின. அவை மாயர் வெட்டிய வாய்க்கால்களே என ஆடம்ஸ், பிரவுன், கல்பர்ட் என்னும் மூவர் 1981இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினர்.

ஈண்டு, இராடார் காண்பது யாது என்று வினவுதல் வேண்டும். மூன்று செ. மீ. அளவுள்ள அலை இலைப்பரப்பிலேயே பெரும்பாலும் சிதறி மீளும். மாயர் நிலத்தில் பயன்பட்ட, ஏறத்தாழ 25 செ. மீ. நீளமுள்ள அலை இலைகளை ஓரளவு கடந்து செல்லும். எனினும் கிளையும் அடிமரமும் அதன் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். நீர் தேங்கிய காட்டில், நீர்ப்பரப்பிலும் மரத்திலும் மோதிய அலை மிக வலுவாக மீளும். ஆகவே அப்படம் நிலத்தின் படம் அன்று. நிலம், நீர், மரம் மூன்றும் கலந்த படம். அன்றியும், இராடார்ப் படம் இயல்பாகவே புள்ளி மலிந்தது. வாய்க்காலைத் தேடும் கண் அப்புள்ளிகளைக் கோடாக இணைத்துக்கொள்ளுதல் அரிதன்று.

1989இல் போப், டாலின் இருவரும் இம்முடிவை மறுத்தனர். தரையிற் கண்ட வாய்க்கால்கள் அக்கருவி பிரித்துக் காட்ட இயலாத அளவுக்குக் குறுகியவை என்பது அவர்தம் தடைகளுள் ஒன்று. ஆண்டு முழுதும் ஈரம் நிற்கும் சதுப்புகளிலன்றிப் பிறவற்றில் அத்தகைய வேளாண்மை இயல்வதன்று என்றும் கூறினர். எம் கருத்தில் இத்தடைகள் வலியன.

ஆயினும் மூவர் கருதிய பொருள் முற்றும் பொய்யாகவில்லை. பெலீஸ் நாட்டின் புல்டிரவுசர் சதுப்பில் டர்னர், ஹாரிசன் இருவரும் மண்ணை அகழ்ந்தே உயர்த்திய வயல்களையும் வாய்க்கால்களையும் காட்டினர். இலையிடைவெளிகளின் வழியே லேசர் ஒளியைச் செலுத்தி அளந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, குவாத்தமாலாவில் 2,144 சதுர கி. மீ. பரப்பில் 60,000க்கு மேற்பட்ட கட்டட எச்சங்களைக் கண்டது. சதுப்பு வயல்களும் அதிற் புலனாயின. மாயர் செறிந்த வேளாண்மை செய்தனர் என்னும் முடிபு நின்றது. அதற்கு முதலிற் காட்டிய சான்று நிற்கவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக மயங்கி, இராடாரே மாயர் வாய்க்கால்களை மெய்ப்பித்தது என எழுதுவது பொருந்தாது.

2025 ஏப்ரல் 29 அன்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஏவிய 'பயோமாஸ்' செயற்கைக்கோள் ஏறத்தாழ 70 செ. மீ. அலையைப் பயன்படுத்துகிறது. சிறிதே விலகிய பாதைகளிலிருந்து ஒரே காட்டைப் பலமுறை நோக்கி, மரமுடியையும் தரையையும் வேறுபிரித்தறிவது அதன் நோக்கம். காட்டடி நிலத்தின் மேடுபள்ளங்களை அதனால் அறியலாம். ஆனால் அதன் படப்புள்ளி ஐம்பது மீட்டர் அளவினது. சில மீட்டர் அகலமே உள்ள வாய்க்கால் அதிற் புலனாகாது.