இறக்கையில் பிறந்தது, அணைக்கட்டில் வளர்ந்தது

காரின் கதவு, செயற்கை இடுப்பு மூட்டு, மேம்பாலத்தின் தூண் என்று எதைச் செய்வதானாலும் இன்று அது முதலில் கணினித் திரையில் சின்னச்சின்னத் துண்டுகளாக வெட்டப்படுகிறது. எங்கே வளையும், எங்கே விரிசல் விடும் என்று துண்டு துண்டாகக் கணக்குப் பார்த்த பிறகுதான் பட்டறைக்குப் போகிறது. இந்த ‘ஃபைனைட் எலிமென்ட்’ முறைக்குப் பெயர் சூட்டியவர் ரே கிளஃப், பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சிவில் பொறியியல் பேராசிரியர். ஆனால் முறை பிறந்த இடம் விமானத் தொழிற்சாலை.

எம்.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு 1949இல் பெர்க்லியில் வேலைக்குச் சேர்ந்தவர் கிளஃப். நிலநடுக்கத்தில் கட்டடங்கள் எப்படி ஆடும் என்பதில் அவருக்கு ஆர்வம். அதிர்வுக் கணக்கில் கை பழக வேண்டும் என்று 1952 கோடை விடுமுறையில் சியாட்டில் நகரத்துப் போயிங் நிறுவனத்துக்குப் போனார். அங்கே ஜான் டர்னர் என்பவரின் குழுவில் ஒரு சிக்கல் காத்திருந்தது.

பழைய விமானங்களின் இறக்கை நீண்டு ஒல்லியாக இருக்கும். அதை ஓர் உத்திரமாக வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். உத்திரம் எவ்வளவு வளையும், எவ்வளவு முறுக்கிக்கொள்ளும் என்பதற்குச் சூத்திரங்கள் உண்டு. ஒலியின் வேகத்தை மிஞ்சும் விமானங்களுக்காக வந்த டெல்டா இறக்கையோ அகன்ற முக்கோணம். அது எல்லாத் திசையிலும் வளையும். எவ்வளவு விறைப்பானது என்று தெரியாமல், பறக்கும்போது எப்படி அதிரும் என்று சொல்ல முடியாது. கிளஃப் அந்தக் கோடை முழுக்க இறக்கையைப் பல உத்திரங்களின் பின்னலாகப் பாவித்துக் கணக்குப் போட்டார். மாதிரி இறக்கையில் அளந்த எண்களோடு அது ஒட்டவில்லை.

அடுத்த கோடையில் திரும்பிப் போனபோது டர்னர் ஒரு யோசனை சொன்னார்: இறக்கையின் மேல்தகட்டையே முக்கோணங்களாகப் பிரித்துப் பார்த்தால் என்ன?

ஒரு முக்கோணத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று மூலைகள். ஒவ்வொரு மூலையும் இடவலமாகவும் மேல்கீழாகவும் நகரலாம். ஆக, ஆறு நகர்வுகள். துண்டு சிறியது என்பதால் அதற்குள் தகைவு (உள்விசையின் செறிவு) எங்கும் ஒரே அளவு என்று வைத்துக்கொண்டால், ஆறு நகர்வுகளுக்கும் ஆறு விசைகளுக்கும் உள்ள உறவை 36 எண்கள் கொண்ட கட்டத்தில் எழுதிவிடலாம். பக்கத்து முக்கோணமும் அதே மூலையில்தான் வந்து சேர்கிறது. அங்கே இரண்டின் எண்களையும் கூட்டினால் போதும். இப்படியே கூட்டிக்கொண்டு போனால் முழு இறக்கைக்கும் ஒரே சமன்பாட்டுத் தொகுதி கிடைத்துவிடும். துண்டுகளைச் சிறிதாக்கச் சிறிதாக்க, விடை சோதனையின் பக்கம் நகர்ந்தது.

டர்னர், கிளஃப், ஹெரால்டு மார்ட்டின், டாப் ஆகிய நால்வரின் கட்டுரை 1956 செப்டம்பரில் விமானவியல் இதழ் ஒன்றில் அச்சேறியது. முக்கோணமாகப் பிரிக்கும் யோசனை இவர்களுக்கு மட்டும் தோன்றியதல்ல. கணித மேதை ரிச்சர்டு கூரண்ட் 1943இலேயே அப்படி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். லண்டனில் ஜான் ஆர்கிரிஸ் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். கூரண்டின் காலத்தில் இல்லாமல் போனது, ஆயிரக்கணக்கான பெருக்கல்களைச் சலிக்காமல் செய்யும் இயந்திரம்.

கிளஃபுக்கும் அது சுலபமாக வாய்க்கவில்லை. 1956–57இல் நார்வேயின் டிரொன்ட்ஹெய்ம் நகரில் ஆய்வு விடுப்பில் இருந்தபோது மேசைக் கணக்கிதான் துணை. பெர்க்லியில் இருந்த ஐ.பி.எம். 701 அதிகபட்சம் 40 சமன்பாடுகளைத் தீர்க்கும். ஒரு மூலைக்கு இரண்டு சமன்பாடு என்றால் மொத்தம் இருபதே மூலைகள்; அதை வைத்துக்கொண்டு எந்த அணையை அலச முடியும்? பெரிய ஐ.பி.எம். 704 வந்த பிறகே வழி பிறந்தது. 1960இல் பிட்ஸ்பர்க் மாநாட்டில் படித்த கட்டுரையின் தலைப்பில்தான் கிளஃப் ‘ஃபைனைட் எலிமென்ட்’ என்ற பெயரை முதன்முதலில் வைத்தார்.

பெயர் வந்தது, நம்பிக்கை வரவில்லை. அதைச் சம்பாதித்துக் கொடுத்தது ஒரு விரிசல். ஆர்கன்சாஸ் மாநிலத்து நார்ஃபோர்க் அணையைக் கட்டும்போதே வெப்பநிலை மாற்றத்தால் கான்கிரீட்டில் செங்குத்தாக விரிசல் விழுந்திருந்தது. அதனால் அணைக்கு ஆபத்து உண்டா என்று ராணுவப் பொறியாளர் துறைக்குத் தெரிய வேண்டியிருந்தது. கிளஃபின் மாணவர் எட்வர்ட் வில்சன் எழுதிய நிரலில் அணையின் குறுக்குவெட்டு முக்கோணங்களாகப் பிரிந்தது. விரிசலையும் அப்படியே கணக்கில் சேர்க்க முடிந்தது. சூத்திரப் புத்தகத்தில் பதில் இல்லாத கேள்விக்கு இந்த முறை பதில் சொன்னது. 1962இல் லிஸ்பன் கருத்தரங்கில் இந்த முடிவுகளை வெளியிட்டார்கள்.

அதன் பிறகு வேகம்தான். இந்த முறையை முதலில் சந்தேகப்பட்ட பொறியாளர் ஜீன்கிவிச் மனம் மாறி, வேல்ஸின் ஸ்வான்சியில் இதற்கென்றே ஓர் ஆய்வு மையத்தை வளர்த்தார். 1967இல் இதற்கான முதல் பாடநூலையும் கொண்டுவந்தார். பெர்க்லி தன் நிரல்களைப் பூட்டிவைக்காமல் கேட்டவர்களுக்குக் கொடுத்தது. 1970இல் வில்சன் வெளியிட்ட நிரலின் பெயர் ‘சாப்’. ஆங்கிலப் பேச்சுவழக்கில் அதற்கு ஏமாளி என்று பொருள். நிரலுக்குச் சொந்தப் புத்தி கிடையாது என்பதைப் பயன்படுத்துகிறவர் மறக்கக் கூடாதாம்.

அந்த எச்சரிக்கையை கிளஃபும் தீவிரமாக எடுத்துக்கொண்டார். கணக்குப் போடும் திறன் வளர்ந்த வேகத்துக்கு, பொருள்கள் உண்மையில் எப்படி நடந்துகொள்கின்றன என்ற அறிவு வளரவில்லை என்பது அவர் கவலை. அதனால் துறையே கணினிப் பக்கம் ஓடிய காலத்தில் அவர் சோதனைக்கூடத்துக்குத் திரும்பினார். சக பேராசிரியர் ஜோசஃப் பென்சியனோடு சேர்ந்து 20 அடிக்கு 20 அடி அளவில் ஓர் அதிர்வு மேடையை அமைத்து, கட்டட மாதிரிகளை அதன்மேல் நிறுத்தி, செயற்கை நிலநடுக்கத்தில் ஆட்டிப் பார்த்தார். 1994இல் அவருக்கு அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் வந்தது. 2016இல் அவர் காலமானார். மாதிரி இறக்கையில் அளந்த எண்ணோடு கணக்கு ஒட்டாமல் போனதால்தான் இந்த முறையே பிறந்தது. அளந்து பார்க்கும் அந்த வேலையை இனி விட்டுவிடலாம் என்று, பெயர் வைத்தவரே நினைக்கவில்லை.