குறைந்த செலவில் குளியலறை: ஹம்மாம்களின் வரலாறு தரும் பாடம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

தொழுகைக்குத் தூய்மை நிபந்தனை. அத்தூய்மையை நாம் அடையும் இடம் நம் வீட்டுக் குளியலறை. எனவே அதனைச் செம்மையாக அமைப்பது மார்க்கத்தோடு தொடர்புடைய செயலே ஆகும். ஆனால் இன்று நம் குடும்பங்களில் புதுவீடு கட்டும்போதும், திருமணத்திற்காக வீட்டைப் புதுப்பிக்கும்போதும், பிறர் கண்ணுக்காகவே குளியலறை அலங்கரிக்கப்படுகிறது. கைப்பணம் போதாதபோது வட்டிக்குக் கடன் வாங்கவும் சிலர் துணிகின்றனர். தூய்மைக்காகக் கட்டும் அறையில் ஹராம் கலக்கலாமா? இவ்விடத்தில் நம் முன்னோரின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நலம்.

ஜோர்தான் நாட்டின் பாலைவனத்தில் 'குஸைர் அம்ரா' என்னும் சிறு மாளிகை இன்றும் நிற்கிறது. உமையா அரச குடும்பத்தைச் சேர்ந்த வலீத் இப்னு யஸீத், தாம் ஆட்சிக்கு வருமுன் கட்டியது அது. அதன் வெந்நீர் அறையின் குவிமாடத்தில் விண்மீன் கூட்டங்களை வரையச் செய்தார். சுவர்களில் வேட்டைக் காட்சிகளையும் மனித உருவங்களையும் தீட்டச் செய்தார். 743இல் ஆட்சிப்பீடம் ஏறிய அவர் 744இல் கொல்லப்பட்டார். அந்த ஓவியங்களைக் காண இன்று சுற்றுலாப் பயணிகள் செல்கின்றனர். ஆனால் முஸ்லிம் ஊர்களில் பொதுமக்கள் நாள்தோறும் பயன்படுத்திய ஹம்மாம்கள் இத்தகைய ஆடம்பரத்தில் நிலைபெறவில்லை. அவற்றின் சிறப்பு சுண்ணாம்பிலும் வெளிச்சத்திலும் நீரோட்டத்திலும் இருந்தது.

முதலில் தரையைக் கவனிப்போம். குளிக்கும் இடத்தில் சிறுநீர் கழிப்பதை நபிமொழி தடுக்கிறது. அதனால் 'வஸ்வாஸ்' எனும் மனக்குழப்பம் உண்டாகும் என்பதே காரணம். இந்த ஹதீஸைப் பதிவு செய்த இமாம் இப்னு மாஜா (ரஹ்), அதனோடு அலீ இப்னு முஹம்மத் அத்தனாஃபிஸீ (ரஹ்) அவர்களின் விளக்கத்தையும் சேர்த்துத் தந்துள்ளார்கள். நீர் தேங்கும் மண்குழிகளுக்கே இத்தடை பொருந்தும். இக்காலக் குளியலிடங்கள் சாந்தும் காரையும் கீலும் பூசப்பட்டவை, நீர் ஊற்றினால் கழுவிச் சென்றுவிடும், எனவே குற்றமில்லை என்பது அவ்விளக்கத்தின் சாரம். இப்னு மாஜா அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 273இல். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, தரை எதனால் பூசப்பட்டுள்ளது, நீர் தேங்குகிறதா, வடிகிறதா என்று நம் அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். தரையின் நிறம் அவர்களின் பேச்சில் இடம்பெறவே இல்லை.

அடுத்து, சுவர். மொராக்கோவின் மர்ராகிஷ் நகரில் 'ததலாக்த்' என்னும் சுண்ணாம்புப் பூச்சு வழக்கில் உள்ளது. அவ்வட்டாரச் சுண்ணாம்பைப் பூசி, வழவழப்பான கல்லால் பலமுறை தேய்த்து, பின்னர் ஆலிவ் எண்ணெயில் செய்த கருஞ்சோப்பைத் தடவி மெருகேற்றுவார்கள். சோப்பு சுண்ணாம்போடு கலந்து, நீர் ஊறாத ஒரு படலமாக மாறிவிடும். இச்சொல்லின் வேர் அரபியின் 'தலக', அதாவது 'தேய்த்தல்'. ஒளூவில் உறுப்புகளைத் தேய்த்துக் கழுவுவதைக் குறிக்கும் 'தல்க்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே. மொராக்கோ மக்கள் பின்பற்றும் மாலிக் மத்ஹபில் அவ்வாறு தேய்ப்பது ஃபர்ளு. அங்கே உடலைத் தூய்மையாக்குவதும் சுவரை அழகாக்குவதும் தேய்க்கும் கையின் உழைப்பே.

ஸ்பெயினின் கிரனாடா நகரில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'எல் பன்யுவேலோ' ஹம்மாம் இன்றும் உள்ளது. அதன் தூண்களின் தலைப்பகுதிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ரோமானியர், விசிகோத்தியர், குர்துபா கலீஃபாக்கள் ஆகியோர் காலத்துப் பழைய கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவற்றையே அங்கு மீண்டும் பயன்படுத்தியுள்ளனர். கூரையில் விண்மீன் வடிவிலும் எண்கோண வடிவிலும் துளைகள் உண்டு. பக்கவாட்டில் சன்னல் இல்லாததால் மறைவு காக்கப்பட்டது. மேலிருந்து ஒளியும் கிடைத்தது. விண்மீன்களை வலீத் ஓவியமாக வரையச் செய்தார். இவர்களோ துளைகளின் வழியே ஒளியையே விண்மீன்களாக்கினர்.

1492இல் கிரனாடா வீழ்ந்தது. கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் மொழி, உடை ஆகியவற்றோடு அவர்களின் குளியலிடங்களையும் 1567ஆம் ஆண்டு அரசாணை தடை செய்தது. குளிப்பது இஸ்லாத்தின் அடையாளமாகவே அந்த அரசின் கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வாறு நம்மிடமிருந்து பறிக்கப்பட்டது ஆடம்பரமன்று, தூய்மை.

இவ்வரலாற்றை மனத்தில் கொண்டால், குறைந்த செலவில் குளியலறை அமைக்கும் வரிசை நமக்குப் புலப்படும். முதற்செலவு தரைக்கு. கொத்தனாரிடம் வாட்டம் சரியாக இருக்கிறதா என்று நீர் ஊற்றிப் பார்த்துவிட வேண்டும். முதியோர் வழுக்கி விழாதிருக்கச் சொரசொரப்பான டைல்ஸே தகும். அடுத்து, மலசலம் கழிக்கும்போது கிப்லாவை முன்னோக்காமலும் பின்னோக்காமலும் இருக்குமாறு இருக்கையின் திசையைத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும்; பிறகு மாற்றுவது பெருஞ்செலவு. சுவரில் நீர் தெறிக்கும் உயரம்வரை டைல்ஸ் போதும். அதற்கு மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சையைத் தடுக்கும், அறையும் வெளிச்சமாகத் தோன்றும். கடைகளில் மீந்துபோன டைல்ஸ்களை வாங்கி, வெவ்வேறு வண்ணங்களை ஒரு பட்டையாகப் பதித்தால் அதுவே அலங்காரம். உயிருள்ளவற்றின் உருவங்களைத் தவிர்த்தால் போதும். ஓட்டு வீடானால் ஒரு கண்ணாடி ஓடு, மாடி வீடானால் உயரத்தில் ஒரு வென்டிலேட்டர் வெளிச்சம் தரும்.

விலையுயர்ந்த ஷவர் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்தார்கள். ஒரு முத்து நீரில் ஒளூ செய்தார்கள். நான்கு முத்துகள் சேர்ந்தது ஒரு ஸாஉ. நம் வீட்டு வாளி ஒன்றில் இதைவிட அதிக நீர் உண்டு.

வட்டியின்றி, வீண்விரயமின்றி, ஹலாலான பணத்தில் அமைந்த தூய குளியலறை எளியதாயினும் அழகியதே. நம் உடலையும் உள்ளத்தையும் இல்லத்தையும் வல்ல அல்லாஹ் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.