துண்டுச் சீட்டின் சரித்திரம்

விலங்கு பூட்டாமலே மனிதனைக் கட்டி வைக்கலாம் என்பதற்கு இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களின் சரித்திரமே போதிய சாட்சியம். 1830-களுக்குப் பின் கண்டிச் சீமையின் காடுகள் அழிந்து காப்பித் தோட்டங்களும், இலைநோயால் காப்பி பட்டுப்போன பிறகு தேயிலைத் தோட்டங்களும் எழுந்தபோது, அவற்றுக்கு வேண்டிய ஆட்களைத் திருச்சி, சேலம், மதுரை ஜில்லாக்களின் கிராமங்களில் திரட்டியவன், ஊர்ப் பேச்சும் உறவுமுறையும் அறிந்த கங்காணி. பஞ்சத்தால் வாடிய குடிசையின் வாசலில் அவன் நின்று, முன்பணத்தை எண்ணிக் கொடுத்து, வழிச்செலவையும் தானே ஏற்பதாகச் சொன்னபோது, அது பெரும் உபகாரமாகவே தோன்றிற்று.

அந்த உபகாரம் முழுவதும், தோட்டத்தில் கால் வைத்த அன்றே கடனாகக் கணக்கில் ஏறியது. முன்பணம், வழிச்செலவு, குளிருக்குத் தந்த கம்பளி, மாதந்தோறும் அளந்த அரிசி ஆகிய யாவும் எழுதப்பட்ட ஏடு, எழுத்தறியாத தொழிலாளியின் கைக்கு எட்டாததாகவே இருந்தது. ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்ததால், எவரும் விலகாதிருப்பதே அவனுக்கு லாபம். முன்னறிவிப்பின்றி வேலையை விட்டுச் செல்வதை 1865-ஆம் வருஷத்துச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது.

இந்த ஏற்பாட்டின் உயிர்நிலை 'துண்டு' என்னும் சிறு காகிதம். இன்ன தொகையைச் செலுத்தினால் இன்ன ஆட்களை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்துத் துரை கையொப்பமிட்டு அதனைக் கொடுப்பார். கங்காணி அதை வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோவான். அங்குள்ள துரை பணத்தைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் தீரவில்லை, கைமாறியது, கடனோடு மனிதரும் கைமாறினர். 1921-இல்தான் இம்முறை சட்டத்தால் ஒழிந்தது.

காகிதம் ஒழிந்தாலும் அதன் தந்திரம் ஒழியவில்லை. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு அடைபட்டவரையும், வெளிநாட்டு வேலை என்று நம்பிப் போய்க் கடவுச்சீட்டைப் பறிகொடுத்தவரையும் இன்றும் காண்கிறோம். ஆதாரோ கடவுச்சீட்டோ முதலாளியின் பெட்டியில் இருப்பது, கூலி கைக்கு வராமல் கணக்கிலேயே கழிவது, சொந்த ஊரில் நேர்ந்த சாவுக்குக்கூடப் போக விடாதிருப்பது, கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் நிற்பவர் பதில் சொல்வது, வயதைக் கேட்டால் குழந்தை மிரண்டு நோக்குவது ஆகியவற்றில் இரண்டொன்று சேர்ந்து தெரிந்தால், அதனைச் சாதாரண ஏழ்மை என்று கருதிக் கடந்துவிடலாகாது.

இந்தியாவில் கொத்தடிமை முறையை ஒழித்த 1976-ஆம் வருஷத்துச் சட்டம் அத்தகைய கடனை அடியோடு செல்லாததாக்கியிருக்கிறது. மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழும் மறுவாழ்வு நிதியும் உரிமையாக உண்டு. ஐயம் எழுந்தால், ஆளை மறைத்துவிடவோ துன்புறுத்தவோ இடம் தராதபடி, முதலாளியிடம் நாமே வாதாடப் புகாமல், மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ தெரிவிப்பதே விவேகம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, உடனடி ஆபத்துக்கு 112 என்னும் எண்கள் உள்ளன. அயல்நாட்டில் சிக்கியவருக்காக அங்குள்ள இந்தியத் தூதரகத்தை நாடலாம். தப்பி வந்து நம் வாசலில் நிற்பவரை, வாங்கிய பணத்தைக் கட்டாமல் ஓடிவந்தவர் என்று பழித்துத் திருப்பி அனுப்பாமல், அவருக்குச் சட்டம் தந்த விடுதலையை அவர் கையில் சேர்ப்பிப்பது நம் ஒவ்வொருவரின் கடமை.